அப்பனுக்கு மாலை; பிள்ளைக்கு?



பொங்கல் விழா மேடையில் நம் சங்கம் ஒன்பது பேருக்கு மாலை போட்டது உங்களுக்கு நினைவிருக்கும். குடியை விட்டு ஓராண்டைக் கடந்த ஒன்பது தோழர்கள். ஒவ்வொருவராக ஒலிபெருக்கி முன் நின்று, தாம் கெட்ட கதையையும் மீண்ட கதையையும் சொன்னார்கள். கூட்டம் அழுதது, சிரித்தது, கைதட்டியது. அன்று தாராவியில் நம்மைவிடப் பெருமைப்பட்டவர் எவருமில்லை.

அதே இரவு, நாற்காலி அடுக்கப் போன தொண்டர்கள் பந்தலுக்குப் பின்னால் மூன்று பையன்கள் குந்தியிருப்பதைப் பார்த்தார்கள். விரட்டினார்கள். இருவர் தப்பினார்கள், ஒருவன் சிக்கினான். வயது பதினான்கு. கையில் நனைந்த கைக்குட்டை, அதில் தின்னர் நாற்றம். விளக்கு வெளிச்சத்துக்கு இழுத்து வந்து முகத்தைப் பார்த்தால், சற்று முன் மாலை வாங்கிக்கொண்டு இறங்கிய தோழர் ஒருவருடைய மகன்!

நாங்கள் என்ன செய்தோம்? இரண்டு அறை விட்டோம். "ஏல, உங்கப்பன் இன்னைக்குத்தான் மானத்தோட மேடையில நின்னுருக்கான், அதுக்குள்ள நீ கெடுக்க வந்துட்டியால?" என்று கேட்டோம். பிறகு கூடிப் பேசி ஒரு தீர்மானமும் செய்தோம்: அப்பனிடம் சொல்லக் கூடாது, சொன்னால் மனமுடைந்து மறுபடி பாட்டிலைத் தொட்டுவிடுவான். பையனை மிரட்டி அனுப்பிவிட்டு அண்டா கழுவப் போனோம்.

ஏப்ரலில் அந்தப் பையன் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தினான். விஷயம் அப்பனுக்குத் தெரிந்தது போலீஸ்காரர் வாயால். அவர் செயற்குழுவுக்கு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "அண்ணே, எனக்கு மாலை போட்டிய. ஆனா எம்மவன் விஷயத்தை எங்கிட்ட சொல்ற அளவுக்கு எம்மேல நம்பிக்கை இல்ல, அப்படித்தான?" என்று மட்டும் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையை முதலில் எங்கள் கிளையின் சுயவிமர்சனமாக வாசியுங்கள். பிறகு மற்றவர்களுக்கு வருகிறோம்.

தின்னர் முகர்ந்த மயக்கத்தில் இருப்பவனை விரட்டினாலும் திடுக்கிடச் செய்தாலும் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோகக்கூடும். முதல் தடவை முகர்ந்தவனுக்குக்கூட அது நேரலாம். இதை ஒரு டாக்டர் எங்களுக்குச் சொன்னது மே மாதத்தில். அப்படியானால் அன்றிரவு நாங்கள் விரட்டியதும் அறைந்ததும் என்ன? அந்தப் பிள்ளை எங்கள் காலடியில் செத்து விழாமல் போனது எங்கள் சமர்த்தினால் அல்ல.

அவனோடு பிறகு உட்கார்ந்து பேசியபோது அவன் சொன்னதையும் எழுதியே ஆக வேண்டும். "எங்கப்பா இருவது வருசம் குடிச்சிட்டு விட்டாரு, மாலை போட்டீங்க. குடிக்காமலே இருந்த எங்கம்மாவுக்கு யாரு போட்டா? நானும் விட வேண்டிய நேரத்துல விட்டுக்குவேன்." கேட்டீர்களா? மாலை மரியாதை என்று நாம் நினைத்துச் செய்தது, முன்வரிசையில் இருந்த பிள்ளைக்கு எந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது! குடிக்கலாம், ஆடலாம், பிறகு விடலாம், விட்டால் மேடையும் உண்டு.

இன்னொன்று. அப்பன் ஒலிபெருக்கியில் சொன்ன கதை அவர் ஒருவருடைய கதைதானா? அம்மாவை அடித்தது, பள்ளிக் கட்டணத்தைக் குடித்தது, மகளின் கம்மலை விற்றது எல்லாம் அந்தப் பிள்ளைகளின் கதையும் அல்லவா? தெருவே கேட்க அதைச் சொல்லலாமா என்று அவர்களிடம் யார் அனுமதி கேட்டோம்? மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நாம் யோசித்தோமா? ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் மும்பைக்கு 1957இல் வந்தது. 'பெயர் சொல்லாதவர்கள்' என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. அந்தக் கூட்டங்களில் நம் தோழர்களை உட்கார வைத்தோம். ஆனால் பெயர் ஏன் மறைக்கப்படுகிறது என்பதைக் கற்றுக்கொள்ளாமல், ஊரைக் கூட்டிப் பறையடித்தோம். அதே 1957இல்தான், அமெரிக்காவின் கலிபோர்னியாவில், குடிநோயாளி ஒருவரின் பதினேழு வயது மகன், தன் போன்ற பிள்ளைகளுக்காக அலாட்டீன் என்ற குழுவைத் தொடங்கினான். அப்பன்களுக்கான கூட்டம் நம் சந்துக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகளுக்கானது வரவில்லை. வரவில்லையே என்று நாமும் கேட்கவில்லை.

கோலிக்குள் நடப்பது

குடிகாரன் வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து குடி இருக்கும்வரைதான், அப்பன் விட்டுவிட்டால் வீடு தானே செழித்துவிடும் என்று நாம் நம்பினோம். நம்பிக்கை எவ்வளவு பொய் என்பதை, அந்த ஒன்பது வீடுகளுக்கும் திரும்பப் போய் உட்கார்ந்தபோதுதான் கண்டோம்.

பத்துக்குப் பன்னிரண்டு கோலி. மேலே மாலா, அதில் பிள்ளைகள் படுக்கை. கீழே பேசுவது ஒரு சொல் விடாமல் மேலே கேட்கும். அப்பன் குடித்த காலத்தில் அந்த வீட்டை நடத்தியது யார்? அம்மா நாலு வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனபோது, சோறு வடித்து, தம்பியைக் குளிப்பாட்டி, வாடகைக்காரரிடம் பொய் சொன்னது மூத்த பெண். நாக்காவில் விழுந்து கிடந்தவரைத் தோளில் தாங்கி வந்தது மகன். அவர்கள் அந்த வீட்டுக்கு ஸ்டேஷன் மாஸ்டர்கள். சிகிச்சை முடிந்து அப்பன் வந்தார். ஒரே இரவில் அதிகாரம் எல்லாம் தன்னிடம் வந்துவிட வேண்டும் என்கிறார். "ஒம்பது மணிக்கு மேல வெளியே போகக் கூடாது." இருபது வருடம் எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்கத் தெரியாத பிள்ளையா அது? கேட்டால் அடி. கேட்காவிட்டால் மனதுக்குள் புழுக்கம். புழுக்கம் தணிக்க நண்பன் நீட்டுகிறான் கைக்குட்டை.

அப்பனுக்கும் அந்த மாதங்கள் சுகமானவை அல்ல. தூக்கம் வராது, சிடுசிடுப்பு. சாயங்காலமானால் உடம்பு பழைய வழியைக் கேட்கும். அதை மறக்கத் தினம் ஒரு கூட்டம், இரண்டு மணி நேரம். அம்மாவுக்குப் பயம். மூச்சை முகர்ந்து பார்க்கிறாள், சட்டைப் பையைத் துழாவுகிறாள். அவளுக்கு நேரமில்லாதபோது அந்த வேலை பிள்ளையின் தலையில்: "அப்பா மாத்திரை முழுங்கிட்டாரான்னு பாத்துட்டு ஸ்கூலுக்குப் போ." பெற்ற தகப்பனுக்கே பிள்ளையை வார்டன் ஆக்குகிறோம். வீட்டில் எல்லாக் கண்களும் அப்பன் மேல். குடித்தபோதும் அவர் மேல், விட்டபோதும் அவர் மேல். பிள்ளையை யார் பார்த்தார்கள்?

இத்தனைக்கும் நடுவே வீட்டில் பேசக் கூடாத பேச்சு ஒன்று உண்டு. "பிள்ளைகளுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அம்மாக்கள் எங்களிடம் சொன்னார்கள். மாலாவில் படுத்திருந்தவனுக்குத் தெரியாதாம்!

(குடியை மட்டும் சொல்கிறோம் என்று தாய்மார்கள் தப்பித்துக்கொள்ள வேண்டாம். பல்லில் மிஷ்ரி தேய்த்துக்கொண்டே மகனின் குட்காவைப் பிடுங்கி எறிந்த அம்மா ஒருவரையும் நாங்கள் பார்த்தோம். மகாராஷ்டிரத்தில் குட்காவுக்கு 2012இலேயே தடை வந்துவிட்டது. எங்கே கிடைக்கிறது என்று அவனையே கேளுங்கள்.)

"ரத்தத்திலேயே இருக்கு" என்ற சாக்கு

இதைச் சொல்லாத பெரியவர் இல்லை. குடிகாரன் மகன் குடிகாரன்தான், விதி என்று கையை உதறிவிடுகிறார்கள். ரத்தத்தில் ஒன்றுமே இல்லை என்று நாங்கள் வாதாட வரவில்லை. 1973இல் டென்மார்க்கில் ஓர் ஆய்வு வெளியானது. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, பிறந்த சில வாரங்களிலேயே வேறு வீடுகளுக்குத் தத்துப் போன ஆண்களைப் பார்த்தார்கள். 100க்கு 18 பேர் குடிநோயாளிகளாகி இருந்தார்கள். மற்றவர்களுக்குப் பிறந்து தத்துப் போனவர்களில் 100க்கு 5 பேர். ஆக, இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம், உண்மை. ஆனால் மீதி 82 பேர் எங்கே போனார்கள்? விதியென்றால் 100க்கு 100 அல்லவா வர வேண்டும்?

சர்க்கரை நோய் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இனிப்பைக் குறைத்துக்கொடுக்கிறோம், ரத்தச் சோதனை செய்கிறோம். விதி என்று விட்டுவிடுகிறோமா? போதையிலும் அப்படித்தான். அமெரிக்காவில் பல்லாயிரம் பேரை விசாரித்து 1997இல் வெளியிட்ட கணக்கில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் 10க்கு 4 பேர் பின்னாளில் குடிக்கு அடிமையானார்கள். 20 வயதில் தொடங்கியவர்களில் 10க்கு ஒருவர்தான். தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் லாபம். அதைப் பிள்ளையிடம் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டியவர் யார்? அப்பன்தான். "எனக்கு வந்த நோய் உனக்கும் வர மத்தவங்களைவிட வாய்ப்பு கூட. அதனால உன் பிரெண்டு ஒரு மடக்கு குடிச்சா ஒண்ணும் ஆகாம இருக்கலாம், உனக்கு அப்படி இல்ல." இவ்வளவு போதும். வீரதீரக் கதைகள் வேண்டாம். எத்தனை குவார்ட்டர் அடித்தும் நிலை தடுமாறாமல் நின்றேன் என்று மகனிடம் பீற்றுகிற அப்பன் இன்னும் குடியை முழுதாக விடவில்லை என்றே நாங்கள் சொல்வோம்.

ஊருக்கு அனுப்பிவிடு!

பம்பாயில் பிள்ளை கெட்டால் நம்மவர்கள் கையாளும் ஒரே வைத்தியம் இது. திருநெல்வேலிக்கு டிக்கெட் எடுத்துப் பாட்டி வீட்டில் விட்டுவிடுவது. அந்தச் சீட்டுக்கான எமர்ஜென்சி கோட்டாக் கடிதங்கள் எங்களில் சிலர் கையால் நிறையப் போயிருக்கின்றன, அதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஊரில் என்ன இருக்கிறது? 2003இல் சில்லறை மது வியாபாரத்தைத் தமிழ்நாடு அரசே எடுத்துக்கொண்டது. 2023-24ஆம் ஆண்டில் அதன் மூலம் கஜானாவுக்கு வந்தது சுமார் 45,855 கோடி ரூபாய். அந்தக் கடைகள் இருக்கிற ஊருக்கு, அப்பனும் அம்மாவும் இல்லாமல், கண் தெரியாத பாட்டியின் பாதுகாப்பில் அனுப்புகிறோம். அனுப்பப்பட்டவன் என்ன நினைப்பான்? குடித்தவர் வீட்டில் இருக்கிறார், நான் நாடு கடத்தப்பட்டேன் என்று நினைக்க மாட்டானா?

அரசாங்கத்தின் வைத்தியம் வேறு மாதிரி. ஜூன் 26 வந்தால் பள்ளிப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி மனிதச் சங்கிலி, உறுதிமொழி, அட்டை, புகைப்படம். 2020 ஆகஸ்ட் 15இல் நஷா முக்த் பாரத் இயக்கம் தொடங்கியது. உறுதிமொழி எடுத்தவர்களின் தொகையை லட்சம் கோடியில் சொல்கிறார்கள். சரி, டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அரசுக்காகவே செய்து 2019இல் வெளியான கணக்கெடுப்பு சொல்வதைக் கேளுங்கள்: நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. முகரும் போதை ஒன்றில் மட்டும் பிள்ளைகள் பெரியவர்களை முந்திவிட்டார்கள். 10 முதல் 17 வயதில் 100க்கு 1.17, பெரியவர்களில் 0.58. உதவி தேவைப்படும் பிள்ளைகள் 4.6 லட்சம்.

கணக்கை நம் சந்துக்குக் கொண்டு வருவோம். 38இல் ஒரு வீட்டில்தான் அப்பனுக்குச் சிகிச்சை. ஆயிரம் பாடுபட்டு ஒரு வீட்டின் கதவு திறந்திருக்கிறது. அம்மாவும் அப்பாவும் கேட்கத் தயாராக இருக்கிற, குனிந்து கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிற அபூர்வமான காலம் அது. அந்த வீட்டுக்குள் போயும் பிள்ளையைப் பார்க்காமல் திரும்பி வருகிற இயக்கத்தையும், மையத்தையும், சங்கத்தையும் என்னவென்று சொல்வது? நாங்கள் போய்ப் பார்த்த மையங்களில் மனைவிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நல்லது. பிள்ளைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டோம். "குழந்தைகளை உள்ளே விடுவதில்லை" என்றார் ஒரு பொறுப்பாளர், அது ஒரு நல்ல விதி என்பது போல.

செய்ய முடியாததா?

1982இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கரோல் கம்ப்ஃபர் என்ற அம்மையார், போதைக்குச் சிகிச்சை பெறும் பெற்றோரின் பிள்ளைகளுக்கென்றே ஒரு திட்டம் வகுத்தார். வாரம் ஒரு நாள், 14 வாரம். முதல் ஒரு மணி நேரம் பெற்றோர் ஓர் அறையில், பிள்ளைகள் வேறு அறையில். அடுத்த ஒரு மணி நேரம் குடும்பம் முழுதும் ஒன்றாக. பெற்றோருக்கு மட்டும் கற்பித்துப் பார்த்தார்கள். பிள்ளைக்கும் சேர்த்துத் தனித்தனியே கற்பித்துப் பார்த்தார்கள். மூன்றையும் சேர்த்தபோதுதான் பலன் அதிகம். ஒற்றைத் தடத்தில் இரண்டு ஸ்டேஷனும் ஒப்புக்கொள்ளாமல் லைன் கிளியர் கிடைக்காது என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியும். பெற்றோர் ஒரு ஸ்டேஷன், பிள்ளை ஒரு ஸ்டேஷன்.

அங்கே கற்பிப்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. பிள்ளை நல்லது செய்யும்போது பார்த்து அதைச் சொல்லுவது. விதியை முன்கூட்டிச் சொல்லுவது, மீறினால் என்ன என்பதையும் முன்கூட்டிச் சொல்லுவது, அடிக்காமல் அதை நிறைவேற்றுவது. வாரத்தில் சிறிது நேரம் பிள்ளை சொல்கிற ஆட்டத்தைப் பிள்ளை சொல்கிறபடி ஆடுவது. நம் அப்பன்மாருக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கும்! பிள்ளைகளுக்கு: கோபம் வந்தால், நண்பன் வற்புறுத்தினால், வீட்டில் சண்டை நடந்தால் என்ன செய்வது என்பது. சாப்பாடும் போட்டார்கள், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்தார்கள். ஏழைக்குடும்பம் வர வேண்டுமானால் அது வேண்டும் என்று புரிந்துகொண்டவர்கள்.

இது மந்திரம் என்று விற்க வரவில்லை. சியாட்டிலில் மெதடோன் மருந்து வாங்கும் பெற்றோரை வைத்துச் செய்த இதேபோன்ற இன்னொரு திட்டத்தில், பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களான பிறகு பார்த்தார்கள். மகன்களிடம் போதை நோய் குறைந்திருந்தது. மகள்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. வீட்டைச் சுமந்த மூத்த பெண்ணுக்கு வேறு ஏதோ தேவைப்படுகிறது போலும். அதை அவளிடமே கேட்க வேண்டும்.

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய மையத்தில் நோயாளியோடு குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சிகிச்சை. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த ஒரு பெண் செய்த வேலை அது.

எனவே எங்கள் கிளை முடிவு செய்திருக்கிறது. இனிமேல் மேடையில் மாலை கிடையாது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குப் படிப்பகத்தில் மூன்று அமர்வு, யூட்டா முறைப்படி. சாம்பார் சாதம் சங்கச் செலவு. நடத்துகிற தகுதி எங்களில் யாருக்கும் இல்லை, மேடைப்பேச்சும் சந்தா வசூலும்தான் நமக்குத் தெரியும். 1936இல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம் தேவ்னாரில்தான் இருக்கிறது, நமக்கு ஒரு பஸ் தூரம். இத்தனை வருடம் அந்தக் கதவை நாம் தட்டியதில்லை. இந்த மாதம் தட்டுகிறோம். அப்பன் மறுபடி சறுக்கினால் பிள்ளை எந்த வீட்டில் படுக்கும், யாருக்குப் போன் செய்யும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் முதல் வாரத்திலேயே எழுதி வைக்க வேண்டும். குடித்துக் கிடப்பவரைத் தூக்கி வரப் பிள்ளையை அனுப்பக் கூடாது. கடைக்கு அனுப்புவது பற்றிப் பேச்சே இல்லை. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை சிறை. பிள்ளையைச் சரக்குச் சுமக்க வைத்தாலும் அதே தண்டனை. தோல் பட்டறை வைத்திருக்கும் தோழர்களுக்கும் ஒன்று: பாட்டில் தின்னர் சில்லறை விற்பனையை 2012இல் மத்திய அரசு தடுத்தது, உங்கள் பட்டறைப் பசை டின்னை எந்தச் சட்டமும் பூட்டாது. நீங்கள்தான் பூட்ட வேண்டும்.

அரசிடமும் கேட்கிறோம். மானியம் வாங்கும் ஒவ்வொரு மையமும், ஓர் அப்பனைச் சேர்த்தால் அவர் வீட்டில் 10 முதல் 17 வயதுள்ள பிள்ளைகளின் பெயரையும் அதே பதிவேட்டில் எழுதி, அவர்களுக்கும் நேரம் ஒதுக்கட்டும். அவர்கள் மொழியில் பேசுகிற ஓர் ஆளை வைக்கட்டும். கலால் வருமானத்தில் ஒரு காசு இதற்கு ஒதுக்கினால் கஜானா கவிழ்ந்துவிடாது. ரயில்வேயிலும் மாநகராட்சியிலும் உள்ள தொழிற்சங்கத் தோழர்களைக் கேட்கிறோம்: ஊழியர் நல நிதியிலிருந்து விளையாட்டுக் கோப்பை வாங்குகிறோம், பிக்னிக் போகிறோம். குடும்ப அமர்வுக்கு வாரம் இரண்டு மணி நேரப் பர்மிஷன் கேட்டு ஒரு மனுவாவது கொடுத்திருக்கிறோமா?

அவசரத்துக்குப் போதை மீட்பு உதவி எண் 14446, பிள்ளைகளுக்கு 1098. இரண்டையும் படிப்பகக் கதவில் எழுதியாகிவிட்டது.

"குடும்ப மானத்தைச் சந்தி சிரிக்க வைக்கிறீர்கள்" என்று மூத்த உறுப்பினர் இருவர் ஏற்கெனவே ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்கள். அமர்வில் பேசுவது அறையைத் தாண்டாது என்பதுதான் முதல் விதி. மானத்தை ஒலிபெருக்கியில் விற்றது பொங்கலன்று நடந்தது, அப்போது அவர்களும் மேடையில்தான் இருந்தார்கள். மேலும் ஆட்சேபம் இருந்தால் பொதுக்குழுவில் எழுந்து சொல்லட்டும், எழுத்தில் தந்தால் ஒரு வரி வெட்டாமல் அடுத்த இதழில் போடுகிறோம்.

அந்தப் பையன் இப்போது சிகிச்சைக்குப் போகிறான். போன வாரம் அவனும் அவன் அப்பனும் சேர்ந்து படிப்பகத்துக்கு வந்து பெஞ்சு துடைத்துப் போட்டார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அம்மா வேலைக்குப் போயிருந்தார். அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வாங்கித் தர வேண்டும், எந்தக் கட்டடம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.